தையில் அடைத்த வழி

மூன்றாவது தரமாகவும் கடாட்சம் துணியை எடுத்துக் காரின் முன் கண்ணாடியை உள்ளுக்குள் துடைக்கத் தொடங்கியபோது, அதைப் பறித்து யன்னலுக்கு வெளியே எறிந்தால் என்ன என்று தவமலருக்குப் பட்டது. துடைச்சு என்னத்தைப் பார்க்கப் போறார் இந்த மனுசன்? முன்னால் ஒரு மீன் லொறியின் பின்கதவு. அதற்கு முன்னால் இன்னொரு லொறி. அதற்கும் முன்னால் றோட்டுக்குக் குறுக்கே இறக்கிவிட்ட தடைமரமும் அதன் தலையில் மினுங்குகிற சிவப்பு லைற்றும். காலையில் வந்திருந்தால் அந்தத் தடைமரம் உயர்ந்திருக்கும். காலையில் வந்திருந்தால் இந்நேரம் மலையைக் கடந்து பட்டணத்துக்குள் இறங்கி, ஆரூரன் வீட்டு அறைக்குள் நின்று அவள் சீலை உடுத்திக்கொண்டிருப்பாள். மூன்று மணிக்கு ஆரூரனுக்குக் கலியாணம். ஒரே பிள்ளை. அவனைப் பெத்த தாயும் தகப்பனும் மலைக்கு இந்தப் பக்கம் மீன் லொறியின் வாலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கினம். இதைப் போய் ஆருக்குச் சொல்லி அழுகிறது? ‘மழையெல்லோ பெய்யுது தவம். தை மாதத்திலை மழை. பார்த்தீரே?’ என்றார் கடாட்சம், ஏதோ அவள்தான் கடையில் வாங்கி வந்து பெய்யவிட்டது போல.  அவள் வாய் திறந்தால் அது மழையைப் பற்றிய பதிலாக இராது. நோர்வேயின் வடக்கு அந்தத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிற அவர்களுடைய மீன்பிடித் துறைக்கு இந்த ஒரு றோட்டுத்தான். குளிர்காலத்தில் மலையில் காற்று எழும்பினால் தடைமரத்தை இறக்கிவிடுவார்கள். பிறகு குறித்த நேரத்துக்குப் பனி வழிக்கிற பெரிய வாகனம் ஒன்று முன்னால் போகும், காத்து நிற்கிற எல்லா வாகனங்களும் ஒன்றின் வாலை மற்றது பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போகும். கொலோன்னெ என்று அதற்குப் பேர். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது மட்டும் இருக்க வேண்டியதுதான். அடுத்தது போகுமோ போகாதோ என்பது காற்றின்ர விருப்பம். தை பிறந்தால் வழி பிறக்கும் எண்டு சொன்னவன் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டான். இஞ்ச தை பிறந்த பிறகுதான் வழியை அடைக்கிறாங்கள்.

முந்தி இப்படி இல்லை. முந்தி குளிர்காலம் என்றால் அதற்கு ஒரு சொல்லு இருந்தது. அவள் கலியாணப் பொம்பிளையாகக் கொழும்பிலிருந்து வந்திறங்கிய வருஷம், ஆரோ குடுத்த கோட்டுக்குள் ஆடிக்கொண்டு விமானத்தால் இறங்கிக் காலை வைக்க, பனி கீச்சென்று சத்தம் போட்டது. அவள் பயந்துபோய்க் காலைத் தூக்கினாள். ‘பயப்பிடாதையும், அது காய்ஞ்ச ஸ்னோ, வழுக்காது,’ என்று கடாட்சம் சொன்னதுதான் அவர் அவளுக்கு நேரில் சொன்ன முதல் வசனம். வா என்று சொல்லவில்லை, சுகமா என்று கேட்கவில்லை, களைச்சுப் போனீரோ என்றுகூடக் கேட்கவில்லை. காய்ஞ்ச ஸ்னோவாம். ஆனால் அது பொய்யில்லை. கையில் அள்ளினால் அரித்த அரிசிமா மாதிரி விரலுக்குள்ளால் வழியும், உடுப்பைத் தட்டினால் போய்விடும். ஐப்பசியில் விழுந்தது சித்திரை மட்டும் கிடக்கும். சூரியன் வராத அந்த இரண்டு மாதத்திலும் ஊர் இருட்டாக இருந்தது என்று அவளால் சொல்ல முடியாது. நிலத்தில் கிடந்த வெள்ளையே போதுமான வெளிச்சம் தந்தது, நீல வெளிச்சம், அதில் அவள் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைக்குப் போய் வந்திருக்கிறாள். இப்ப என்ன? கார்த்திகை முழுக்கக் கறுத்த மழை. நிலமும் கறுப்பு, வானமும் கறுப்பு, மத்தியானத்திலும் கிணத்துக்குள் இருக்கிற மாதிரி. பிறகு ஒரு கிழமை ஒரேயடியாகக் கொட்டும், ஈரப் பனி, ஒரு சவள் அள்ளினால் இடுப்பு நாரி விட்டுப்போகும். சரி, கொட்டினாய், கிடவன். கிடக்காது. அடுத்த நாள் மழை வந்து அதைக் கஞ்சியாக்கும், அதற்கடுத்த நாள் உறைந்து கண்ணாடியாகும், அந்தக் கண்ணாடியில்தான் அவள் போன வருஷம் தான் வேலை செய்கிற பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்து வாசலில் விழுந்து மணிக்கட்டை முறித்தாள். இப்போது சப்பாத்துக்குக் கீழே ஆணி மாட்டிக்கொண்டு லாடம் அடித்த மாடு மாதிரி நடக்கிறாள். நோர்வேக்காரருக்கே இது விளங்கவில்லை. பக்கத்து வீட்டு மனுசி தை முடியும் மட்டும் பனிச்சறுக்குக் கட்டையைச் சுவரில் கொழுவி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வைகாசியில், கொடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஊர்வலம் போகிற தேசிய தினத்தன்று பார்த்து, முழங்கால் அளவுக்குக் கொட்டியது. கடலில் சூடான நீரோட்டம் ஓடுதாம், துறைமுகம் உறையாமல் இருக்கிறதே அதாலைதானாம், இப்ப அந்தச் சூடு இன்னும் கூடிப்போச்சாம். ரீவியில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். உறையிறதெண்டால் உறைஞ்சு துலை, உருகிறதெண்டால் உருகித் துலை. ரெண்டுமில்லாமல் நடுவிலை நிண்டு மனுசரின்ர காலை வாரிற இந்தக் குணம் ஆரிட்டைப் பழகினது எண்டு அவள் யோசித்தாள், யோசித்துவிட்டுப் பக்கத்து சீற்றைப் பார்த்தாள்.

பக்கத்து சீற்றில் அவர் துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். மடித்து, விரித்து, திரும்ப மடித்து. காலமையும் இதே கூத்துத்தான். பதினொரு மணிக்குக் கொலோன்னெ என்று நேற்றைக்கே தெரியும். பத்து மணிக்கு வெளிக்கிட்டால் ஆறுதலாக வந்து வரிசையில் நிற்கலாம். அவள் விடிய எழும்பிப் பயத்தம் பணியாரத்தை டப்பாவில் அடுக்கி, சீலையும் அவருடைய கோட்டும் பையில் வைத்து, சப்பாத்தையும் மாட்டி வாசலில் வந்து நின்றுவிட்டாள். அவர் கண்ணாடிக்கு முன்னால் ரை கட்டினார். கட்டினதை அவிழ்த்தார். மற்ற ரையைத் தேடினார். காரில் ஒட்டின ஐசைச் சுரண்டப் போனார், சுரண்டுகிற தகட்டைக் காணவில்லை என்று திரும்பி வந்தார், அது அவருடைய பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது. தண்ணி குடித்தார். கழிவறைக்குப் போனார். போய் வந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் ஒருக்கால் நிமிர்ந்து, குசினிச் சுவரில் தொங்கின ஒஸ்லோ பலசரக்குக் கடைக் கலண்டரைப் பார்த்தார். ‘பத்தரை ஆச்சுது தவம். வெள்ளிக்கிழமை. ராகுகாலம் தொடங்கிட்டுது,’ என்றார். சொல்லிவிட்டுக் கட்டின கயிற்றை அவிழ்த்தார். கேட்டீங்களே அநியாயத்தை! சூரியன் உதிச்சதிலை இருந்துதானே ராகுகாலத்தைக் கணக்குப் பார்க்கிறது, இஞ்ச ரெண்டு மாதமாச் சூரியனே உதிக்கேல்லை, உதிக்காத சூரியனுக்கு ராகு எங்கையிருந்தப்பா வந்தவர், படகிலையோ என்று அவள் கத்தினாள். அவர் அசையவில்லை. ‘சூரியன் எங்களுக்குத் தெரியாட்டியும் அது தன்ர பாட்டிலை உதிச்சுக்கொண்டுதான் இருக்கு. பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு கொலோன்னெ இருக்கும். நல்ல காரியத்துக்குப் போறம்.’ நல்ல காரியமாம். இந்த முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் மீன் பக்ரறியின் காலை ஷிப்ற்றுக்கு இந்த மனுசன் ராகுகாலம் பார்த்ததுண்டோ? திங்கட்கிழமை ஏழரை தொடக்கம் ஒன்பது ராகுகாலம், ஆறு மணிக்கே போய் கொட் மீனுக்குத் தலை வெட்டிக்கொண்டு நிற்பார். மகனின்ர கலியாணத்துக்கு மட்டும் ராகு வந்திட்டார். அவளுடைய மனம் அந்த இடத்தில் வந்து முள்ளில் சீலைத்தலைப்பு மாட்டினதுபோல மாட்டி நின்றது. இழுத்தாலும் வரவில்லை. வேணுமெண்டே செய்தவரோ?

சீ, இராது என்றது மனம். ஏன் இராது என்றது அதே மனம். இரண்டு வருஷத்துக்கு முன்னம் ஆரூரன் வந்து குசினி மேசையில் இருந்துகொண்டு, ‘அப்பா, நானும் மாரித்தும் ஒண்டா இருக்கிறம், கலியாணம் கட்டப் போறம்,’ என்று அந்த நோர்வேக்காரப் பெட்டையைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு இவர் என்ன செய்தவர்? ஏசியிருந்தால் கூடப் பரவாயில்லை. எங்கட சனம் என்ன சொல்லும் எண்டு குதிச்சிருந்தால் அவளும் குதிச்சிருப்பாள், ஒரு சண்டையோடை முடிஞ்சிருக்கும். இவர் எழும்பிப் போய் யன்னலுக்கு வெளியிலே பூட்டியிருக்கிற வெப்பமானியைப் பார்த்தார். ‘பூச்சியத்துக்கு மேலை போட்டுது. ராத்திரிக்கு வழுக்கும், பார்த்து ஓட்டிக்கொண்டு போ,’ என்றார். அவ்வளவுதான். பெடியன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவனுடைய கண்ணில் இருந்தது இன்னும் அவளுக்குள்ளே கிடக்கிறது, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். அதற்குப் பிறகு அவன் போன் எடுத்தால் இவர் ‘ம்’ என்பார், ‘அங்க ஸ்னோவோ?’ என்பார், ‘இந்தா கொம்மா’ என்று போனை நீட்டுவார். கல்லிலை நாருரிக்கலாம், இவரிட்டை ஒரு வார்த்தை உரிக்கேலாது. சொல்லப்போனால் தமிழிலேயே இப்படி என்றால் நோர்வேஜிய மொழியில் கேட்கவே வேண்டாம். பக்ரறியில் வார்ப்பட்டிக்கு இந்தப் பக்கமும் தமிழர், அந்தப் பக்கமும் தமிழர், நடுவில் போகிற மீனுக்கு மொழி தேவையில்லை. அவள் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்குப் போய், மூக்குத் துடைச்சு, சண்டை விலக்கிச் சளசளவென்று கதைக்கப் பழகிவிட்டாள். அவர் படித்த நோர்வேஜிய மொழி முழுக்கக் காலநிலை. காற்றுக்கு எட்டுச் சொல் தெரியும். பனிக்கு அதைவிடக் கூடத் தெரியும்: விழுகிற பனி, ஊதுகிற பனி, மேலே தோல் பிடித்த பனி, கீழே தண்ணி நிற்கிற பனி. கடையில், பெற்றோல் செற்றில், மருத்துவரிடத்தில், எங்கே ஆரைக் கண்டாலும் அதைச் சொல்லுவார், அவர்களும் தலையாட்டி அதையே திரும்பச் சொல்லுவார்கள், இவரைப் போல நல்ல மனுசன் இல்லை என்று போய்விடுவார்கள். மாரித் முதல்முதல் வீட்டுக்கு வந்த அன்று, அந்தப் பிள்ளை மரியாதையாகக் காலை மடக்கிச் சோபாவில் இருந்துகொண்டு இவருடைய முகத்தையே பார்த்தது, ஏதும் கேட்பார் என்று. கேட்டார். வழியில் காற்று எப்படி என்று கேட்டார். அது விபரமாகச் சொன்னது. பிறகு இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

ஆனால் போன மாதம் அவராகத்தானே கேட்டவர். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து நின்று, ‘என்ர கறுத்தக் கோட்டைக் கழுவக் குடுக்கேல்லையோ?’ என்றார். எந்தக் கோட்டு, எதுக்கு என்று கேட்டால் எங்கே அந்த எண்ணம் பறந்து போயிடுமோ என்று பயந்து, திரும்பிப் பாராமலே, ‘நாளைக்குக் குடுக்கிறன்,’ என்றாள். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். அன்றிரவே ஆரூரனுக்குச் சொன்னாள். அவன் நம்பவில்லை. ‘உண்மையா வருவாரா அம்மா?’ அடுத்த நாள் எடுத்தான். ‘மனம் மாறேல்லையே அம்மா?’ சூரியன் திரும்பி வருகிற நாளைப் பார்த்துத்தான் அவனும் மாரித்தும் கலியாணத்தை வைத்தார்கள். பட்டணத்தில் இன்றைக்கு மத்தியானம் மலைக்கு மேலால் ஒரு துண்டு சூரியன் எட்டிப் பார்த்திருக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் ஓடி வந்து அதைப் பார்த்துக்கொண்டு இனிப்புப் பணிஸ் தின்பார்கள். இந்த மழைக்குள் என்ன பார்த்திருப்பார்கள்? கலண்டரில் அந்த நாள் மரணயோகமாம், அதற்கும் இவர் ஒரு முகம் காட்டினார், காட்டினாரே தவிர வரமாட்டன் என்று சொல்லவில்லை. சாமி வரம் குடுத்தாச்சு எண்டு இருந்தால் பூசாரி ராகுகாலத்தைத் தூக்கிக்கொண்டு வாறார். வேணுமெண்டே செய்தவர்தான். மறிக்கத் துணிவில்லை, போகவும் மனமில்லை, அதாலை காத்தும் ராகுவும் மறிக்கட்டும் எண்டு விட்டவர். நாளைக்கு ஒருவரும் இவரைக் குறை சொல்ல ஏலாது. பாவம் தகப்பன், வெளிக்கிட்டவர்தான், றோட்டடைச்சுப் போட்டுது. இனி ஆயுள் முழுக்க அந்தப் பிள்ளை அதை நம்புகிற மாதிரி நடிக்கும், இவரும் நடிப்பார், இரண்டு பேருக்கும் நடுவில் அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரிய வேண்டும். இல்லை, இல்லை, அப்படி ஒரு கெட்ட மனம் இல்லை இவருக்கு. அப்ப என்ன மனம்? முப்பத்துமூண்டு வருஷம் ஒரு கூரைக்குக் கீழே இருந்தும் இந்த ஆளுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் இருக்கிற தன்னிலும் அவளுக்குக் கோபம் வந்தது. யன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். மழைத்துளி கன்னத்தில் அடித்தது, அடித்த துளி ஊசி மாதிரிக் குத்தியது. மழைக்குள் பனி கலக்கத் தொடங்கிவிட்டது. ‘யன்னலைப் பூட்டும், கண்ணாடி புகாரடிக்கும்,’ என்றார் கடாட்சம். அவள் முழுக்க இறக்கினாள்.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் கோட்டுக்காரன் ஒவ்வொரு வாகனமாகத் தட்டிக்கொண்டு வந்தான். ஊட்வார் என்று பேர். பனி வழிக்கிற வாகனத்துக்குப் பொறுப்பானவன். குனிந்து, இறங்கியிருந்த யன்னலுக்குள்ளால் முகத்தைக் கொண்டுவந்தான். தாடியில் தண்ணி வடிந்தது. மேலே காற்று மோசம், கீழே ஐஸ், ஐசுக்கு மேலே தண்ணி, இந்த முறை பாரமான வாகனங்கள் மட்டும்தான், கார் எல்லாம் திரும்பிப் போங்கோ, இன்றைக்கு இனி வேறொன்று போகாது என்றான். சின்னக் கார் ஒன்றைப் போன கிழமை காற்று அப்படியே கொண்டுபோய்க் குழிக்குள் வைத்ததாம். தவமலர் எங்கட மகனுக்குக் கலியாணம் என்று சொன்னாள். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். வாழ்த்துச் சொன்னான். ஆனால் ஏலாது என்றான். கடாட்சம் அவளுக்குக் குறுக்கால் தலையை நீட்டி, காற்று வடமேற்கோ என்று கேட்டார். வடமேற்குத்தான் என்றான் ஊட்வார். ‘நான் சொன்னனான்,’ என்றார் கடாட்சம். அவளுக்கு அப்போதே காரோடு சேர்த்து இந்த மனுசனையும் கொண்டுபோய்க் கடலுக்குள் விடலாம் போல இருந்தது. வடமேற்கெண்டால் என்ன, தென்கிழக்கெண்டால் என்ன, மூண்டு மணிக்குப் பிள்ளை தனிய நிக்கப் போகுது! அவருடைய முகத்தில் ஒரு ஆறுதல் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. தெரிந்ததோ? அல்லது அவளுடைய கோபம்தான் அப்படிக் காட்டியதோ? கண்டுபிடிக்க அவள் நிற்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள். ‘எங்க போறீர்? விழுந்து கையை முறிக்கப் போறீர்!’ என்று பின்னால் கேட்டது. ஆணிச் சப்பாத்துக் குத்திக் குத்தி, காற்றுக்குக் குனிந்து, மீன் லொறியின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க் கதவில் அடித்தாள். லித்துவேனியாக்காரன் ஒருவன், பெரிய உடம்பு, பாணைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அவனுடைய நோர்வேஜியமும் அரைகுறை, ஆனால் மகன், கலியாணம், மூன்று மணி என்ற மூன்றும் விளங்கிவிட்டது. பக்கத்தில் கிடந்த சாமானைப் பின்னுக்கு எறிந்து இடம் பண்ணினான். ஒரு விரலைக் காட்டினான். ஒரு ஆள். ஒரு ஆளைத்தான் ஏத்தலாம்.

திரும்பி வரும்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள். நான் போறன். இவர் இருந்து கண்ணாடியைத் துடைக்கட்டும். காருக்குள் ஏறாமலே பின்கதவைத் திறந்து பையை இழுத்தாள். ‘லொறியிலை ஒரு சீற் இருக்காம்,’ என்றாள். அவள் அடுத்த சொல்லை எடுக்க முதலே அவர், ‘அப்ப நீர் போம். நான் காரோடை நிக்கிறன். கெதியாப் போம், விட்டிட்டுப் போயிடுவான்,’ என்றார். எவ்வளவு கெதி! காலமை முழுக்க ஒரு சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாத மனுசனுக்கு இதுக்கு மட்டும் எவ்வளவு கெதி! பை அவளுடைய கையில் அப்படியே நின்றது. அவரைப் பார்த்தாள். பார்த்தால், துடைக்கிற துணியை இரண்டு கையாலும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறார்.   ‘இறங்குங்கோ,’ என்றாள். ‘என்ன?’ ‘இறங்குங்கோ எண்டிறன். நீங்கள் போங்கோ.’ ‘உமக்கென்ன விசரே? தாய் இல்லாமல் என்ன கலியாணம்? நீர் போம்.’ ‘அவன் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அம்மா வருவீங்களா எண்டு கேட்டவனோ? அப்பா வருவாரா எண்டுதான் கேட்டவன். இறங்குங்கோ!’ அவர் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தார். ‘எனக்கு ஏலாது தவம்.’ ‘ஏன் ஏலாது? அந்தப் பிள்ளை என்ன செய்தது உங்களுக்கு? வெள்ளைக்காரியெண்டால் பிள்ளையில்லையோ?’ அப்போதுதான் அவர் திரும்பி அவளைப் பார்த்தார், இன்றைக்கு முதல் தரமாக. ‘அதொண்டுமில்லையப்பா. சாப்பாட்டிலை மாப்பிளையின்ர தகப்பன் எழும்பிப் பேச வேணுமாம். கிளாசிலை கரண்டியாலை தட்டிப்போட்டு எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பினமாம். பக்ரறியிலை ஒருத்தன் சொன்னவன். மாரித்தின்ர தகப்பன் ஸ்கூல் வாத்தி. நான் எழும்பி என்னத்தைப் பேசுறது? ஒரு மாதமாப் பாடமாக்கிப் பார்த்திட்டன், வாய்க்குள்ளை நிக்குதில்லை. என்ர பிள்ளை எல்லாருக்கும் முன்னாலை வெக்கப்படப்போகுது.’  இதுக்கோ? இதுக்கோ கோதாரி, ரெண்டு வருஷமா இல்லாட்டியும் இந்த ஒரு மாதமா ராகு, கேது, மரணயோகம் எல்லாத்தையும் கூட்டிக்கொண்டு வந்தவர்? சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல், அவருடைய ஜக்கற் தோளைப் பிடித்து இழுத்தாள். ‘ஒண்டும் பேச வேண்டாம். எழும்பி நிண்டால் காணும். இல்லாட்டி இந்த மழையைப் பற்றிச் சொல்லுங்கோ. தை மாதத்து மழையைப் பற்றி. அங்க இருக்கிற அவ்வளவு பேரும் வேறை என்னத்தைக் கதைக்கிறவை?’ முன்னால் மீன் லொறிக்காரன் ஹோன் அடித்தான். அவர் இறங்கினார். இரண்டடி வைத்து வழுக்கினார். அவள் கக்கத்துக்குள் கைகொடுத்து, ஆணிச் சப்பாத்தை ஊன்றி, இழுத்துக்கொண்டு போனாள். லொறியின் படி உயரம். மனுசனுக்கு அறுபத்துநாலு வயசு. பின்னால் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பணியார டப்பாவையும் கோட்டையும் மடியில் போட்டாள். ‘தவம்,’ என்றார் அவர், கதவு மூடுகிற நேரம். வேறொன்றும் சொல்லவில்லை. ஸ்னோ பற்றிக்கூடச் சொல்லவில்லை.

தடைமரம் எழும்பியது. பனி வழிக்கிற வாகனம் மஞ்சள் லைற்றைச் சுழற்றிக்கொண்டு போக, ஒவ்வொரு லொறியாக வெள்ளைக்குள் நுழைந்து மறைந்தது. தடைமரம் விழுந்தது. மற்றக் கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி ஊருக்குப் போயின. தவமலர் சாரதி சீற்றில் ஏறி இருந்து, ஈரக் கையைத் துடைத்துப் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே ஆரூரன் எடுத்துவிட்டான். பின்னால் ஆட்களின் சத்தம், ஆரோ சிரித்தார்கள். ‘அம்மா, எங்க நிக்கிறீங்கள்?’ ‘கொப்பா வாறார். மீன் லொறியொண்டிலை வாறார். நீ போய் றவுண்டபவுட்டடியிலை நில், லொறிக்காரனுக்கு உள்ளுக்கு வர இடம் தெரியாது. வடிவாக் கேள், கையைப் பிடிச்சு இறக்கு, படி உயரம்.’  ‘அப்பா வாறாரா?’ என்றான் அவன், சின்னப் பெடியன் மாதிரி. ‘ஓமடா, வாறார். பேச்சுக் கீச்சு எண்டு ஒருத்தரும் அந்த மனுசனைக் கரைச்சல்படுத்தக் கூடாது எண்டு சொல்லிவை. தானா எழும்பினால் எழும்பட்டும்.’ ‘நீங்கள்?’ ‘ஒரு சீற்தான் இருந்தது.’ அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் தூரப் போனது. அவன் எங்கேயோ கதவைச் சாத்திக்கொண்டு தனியே வந்திருக்க வேண்டும். ‘அம்மா, அப்பா வராட்டில் என்ன செய்யிறது எண்டு நான் நூறுதரம் யோசிச்சு வைச்சிருந்தன். நீங்கள் இல்லாமல் எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை.’  கண்ணாடிக்கு வெளியே மழை முழுக்கப் பனியாக மாறிவிட்டிருந்தது, ஈரப் பனி, பொத்துப் பொத்தென்று விழுந்து வழிந்தது. ‘அதுதான் உனக்கும் கொப்பருக்கும் உள்ள வருத்தம், அம்மா எப்பவும் நிப்பா எண்டு நினைக்கிறது,’ என்றாள். ‘அம்மா, அழுறீங்களா?’ ‘அழேல்லை. எரிச்சல் வருது. போடா, போய் றோட்டடியிலை நில். அந்த மனுசன் மத்தியானம் சாப்பிடவுமில்லை.’ போனை வைத்த பிறகு, ஒருவரும் கேட்காத இடத்தில், வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துக் காரைத் திருப்பியிருக்கலாம். இன்றைக்கு இனிக் கொலோன்னெ இல்லை என்று ஊட்வார் அவளுடைய முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கம் மூன்று மணி ஆகும்வரைக்கும் அவள் தடைமரத்தடியை விட்டு அசையவில்லை.